தண்ணி உப்பா இருக்குதா, உப்புத் தண்ணியா?

வழக்கமா நம்ம எபிசோட்ல ஒரு ராஜா இருப்பாரு, ஒரு போர் இருக்கும். இன்னைக்கு ராஜா கிடையாது. போர் உண்டு. ஆனா அது போர்வெல்.

தொண்டாமுத்தூர் பக்கம் என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவோட அப்பாவுக்கு, ஒரு தென்னந்தோப்பு இருக்கு. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது அங்க கிணறு வத்திப் போச்சு. போர் போட முடிவு பண்ணாங்க. ராத்திரி முழுக்க ரிக் வண்டிச் சத்தம், யாரும் தூங்கல. விடியக்காலையில, 800 அடி தாண்டினதும், தண்ணி பீச்சிக்கிட்டு மேல வந்துச்சு. பாறைத்தூளும் சேறும் கொஞ்சம் தெளியட்டும்னு காத்திருந்து, ஒரு சொம்புல பிடிச்சு ஆளாளுக்கு வாயில ஊத்திப் பார்த்தோம்.

ரிக் வண்டிக்காரர் துப்பிட்டுச் சொன்னாரு: "உப்புத் தண்ணிங்க."

அமுச்சி முகத்தைச் சுளிச்சாங்க: "ஏனுங், இது கரிக்குதுங்."

அப்புச்சி மட்டும் ரெண்டாவது வாய் குடிச்சாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாரு: "இப்போதைக்கு உப்பாத்தான் இருக்குது."

மூணு பேரும் ஒரே சொம்புத் தண்ணியப் பத்தித்தான் பேசினாங்க. ஆனா மூணு வாக்கியமும் வேற வேற முடிவுக்குப் போகுது. ரிக் வண்டிக்காரர் சொன்னதை ஏத்துக்கிட்டா அந்தக் குழியை மூடிட்டு வேற பாயிண்ட் பார்க்கணும், மறுபடியும் அத்தனை அடிக்கும் பணம் கட்டணும். அப்புச்சி சொன்னது சரின்னா மோட்டார் இறக்கிட்டு ஓட்டிப் பார்க்கலாம். அவரு மோட்டார் இறக்கினாரு. தண்ணி என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன்.

அன்னைக்கு ஹாஸ்டல் ஃபிரெண்டு ஒருத்தன், வடக்குப் பக்கத்துப் பையன், 'தண்ணி வந்துச்சா'ன்னு மெசேஜ் பண்ணான். நான் பதில் போட்டேன்: 'தி வாட்டர் இஸ் சால்ட்டி'. அவ்வளவுதான். ரிக் வண்டிக்காரர், அமுச்சி, அப்புச்சி மூணு பேரையும் ஒரே 'இஸ்'க்குள்ள போட்டு மூடிட்டேன். அப்போ எனக்கு அது தோணக்கூட இல்ல. இந்த வருஷம் ஆபீஸ்ல ஒரு பையனைப் பத்தி நான் எழுதின ஒரு வரியாலதான் தோணுச்சு. அதுக்கு அப்புறம் வருவோம். முதல்ல இந்த 'இஸ்' எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம்.

இங்கிலீஷ்ல ஒரு பொருளோட குணத்தைச் சொல்லணும்னா பெரும்பாலும் 'பீ' வினைதான். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன். இது எல்லாம் ஒரே வினையோட வடிவங்கள்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணோம். ஏன் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்குன்னு யாரும் சொல்லித் தரல. காரணம் சிம்பிள்: இது ஒரு வினையே கிடையாது. பல பழைய வினைகளோட மிச்சங்கள் ஒட்டிக்கிட்டது. 'இஸ்', 'ஆம்' ஒரு வேர்ல இருந்து. 'பீ', 'பீன்' வேற ஒரு வேர், அதுக்கு வளர்றது, ஆகுறதுன்னு அர்த்தம். 'வாஸ்', 'வேர்' மூணாவது வேர், அது தங்குறது. பழைய கோட்பேஸ்ல மூணு லைப்ரரியை ஒட்டவச்சு ஒரே பேர்ல எக்ஸ்போர்ட் பண்ணின மாதிரி.

அதைவிட சுவாரசியமான விஷயம், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த பழைய இங்கிலீஷ்ல நிகழ்காலத்துக்கே ரெண்டு 'பீ' இருந்துச்சு. இப்போ இந்த நேரத்துல எப்படி இருக்குன்னு சொல்ல ஒண்ணு. எப்பவும் அப்படித்தான், இல்லைன்னா இனிமே அப்படி ஆகும்னு சொல்ல இன்னொண்ணு. காலப்போக்குல ரெண்டும் கலந்து, வித்தியாசம் தொலைஞ்சு போச்சு. அமெரிக்காவுல கறுப்பின மக்கள் பேசுற இங்கிலீஷ்ல இதே மாதிரி ஒரு பிரிவினை இன்னைக்கு இருக்கு. 'ஹி பி வொர்க்கிங்'னு அங்க சொன்னா, இப்போ வேலை செய்யறான்னு அர்த்தமில்ல, வழக்கமா வேலைக்குப் போறவன்னு அர்த்தம். பள்ளிக்கூட வாத்தியார்கள் ரொம்ப நாள் அதைத் தப்பான இங்கிலீஷ்னு சிவப்பு மையில அடிச்சாங்க. மொழியியல்காரங்க அது தப்பில்ல, தனக்குன்னு ஒழுங்கு உள்ள இலக்கணம்னு காட்டினாங்க.

ஸ்பானிஷ், போர்த்துகீசு தெரிஞ்சவங்களுக்கு இது புதுசே இல்ல. அங்க இன்னைக்கும் ரெண்டு வினை: 'ஸேர்', 'எஸ்தார்'. ஒருத்தர் யாரு, என்னன்னு சொல்ல முதல் வினை. எப்படி இருக்காரு, எங்க இருக்காருன்னு சொல்ல ரெண்டாவது. அந்த 'எஸ்தார்' லத்தீன்ல 'நிக்குறது'ங்கற வினையில இருந்து வந்துச்சு. இந்த 'நிக்குறது'ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ நம்ம பக்கம் வருவோம். 'தமிழ்ல இஸ் கிடையாது'ன்னு இணையத்துல அடிக்கடி பார்த்திருப்பீங்க. பாதி உண்மை. 'அவன் டாக்டர்.' வாக்கியம் முடிஞ்சுது, வினையே இல்ல. ஆனா 'அவன் மதுரையில டாக்டரா இருக்கான்'னும் சொல்றோம். ரெண்டும் ஒண்ணா? உங்க சொந்தக்காரங்க யாராவது ரெண்டாவது வாக்கியத்தைச் சொன்னா, நீங்க 'எந்த ஆஸ்பத்திரியில?'ன்னு கேப்பீங்க. முதல் வாக்கியம் ஆளுக்கு ஒரு பேர் வைக்குது. ரெண்டாவது, அந்த ஆள் இப்போ எந்த நிலையில இருக்கான்னு காட்டுது.

மூணாவது வழி ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. குணமே வினையா மாறிடறது. காபி கசக்குது. மாம்பழம் இனிக்குது. வானம் வெளுக்குது. காய் முத்திருச்சு. இங்கிலீஷ்ல இனிப்புங்கறது ஒரு பொருள் மேல ஒட்டின ஸ்டிக்கர். தமிழ்ல மாம்பழம் நாக்கு மேல ஒரு வேலை செய்யுது. அமுச்சி 'கரிக்குது'ன்னு சொன்னப்ப, தண்ணியோட ஜாதகத்தை அவங்க சொல்லல. தன் நாக்குக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொன்னாங்க.

கொங்குத் தமிழ்ல இன்னொரு படியும் உண்டு. 'மழை வர்றாட்ட இருக்குது', 'பையனுக்குக் காய்ச்சலாட்ட இருக்குது'. அந்த 'ஆட்ட'ங்கறது, நான் பார்த்த வரைக்கும் அப்படித் தோணுது, உறுதி இல்லைங்கற அர்த்தம். ஒரு ரிப்போர்ட்டோட கான்ஃபிடென்ஸ் லெவலை வாக்கியத்துக்குள்ளயே வச்சு அனுப்புற மாதிரி. சென்னை ஃபிரெண்ட்ஸ் இதைக் கேட்டுச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

சரி, இதையெல்லாம் இலக்கணம் எழுதினவங்க கவனிச்சாங்களா? கவனிச்சாங்க, அதுவும் ரொம்ப முன்னாடியே. தொல்காப்பியத்தோட சொல்லதிகாரத்துல வினையியல்னு ஒரு இயல். தொல்காப்பியத்துக்கு எந்தத் தேதி குடுக்கறதுங்கற சண்டை இன்னும் ஓயல, அந்தச் சண்டைக்குள்ள இன்னைக்கு நான் போகல. வினைன்னா என்ன? வேற்றுமை உருபு ஏற்காது, காலத்தோட வரும். இப்படி வரையறை சொல்லிட்டு, அதே இயல்ல அவரு இன்னொரு வகையையும் வினைன்னே சேர்க்குறாரு. அதுல காலம் வெளிப்படையா தெரியாது, குறிப்பாத்தான் தெரியும். அதனால அது வினைக்குறிப்பு. நம்ம பத்தாம் வகுப்பு இலக்கணத்துல குறிப்பு வினைன்னு வந்துச்சே, அதேதான். மார்க்குக்காகப் படிச்சு மறந்த விஷயம்.

கரியன், நல்லன், இனிது, பெரிது. இதெல்லாம் பார்க்கப் பெயர் மாதிரி இருக்கு, ஆனா வாக்கியத்தை முடிச்சு வைக்குது. அதுமட்டும் இல்ல, ஆளுக்கு ஏத்த மாதிரி மாறுது: நான்னா நல்லேன், நீன்னா நல்லை, அவன்னா நல்லன், நாமன்னா நல்லம். 'நான் நல்லவனா இருக்கேன்'ங்கறதை ஒரே சொல்லுல முடிச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல 'குட்'ங்கற சொல்லை யாராவது இப்படிக் கான்ஜுகேட் பண்ணிப் பாருங்க.

வேற்றுமையியல்ல, ஒரு எழுவாய் எத்தனை விதமா முடியலாம்னு தொல்காப்பியர் வகை பிரிக்குறாரு. ஆறு வகை. உரை எழுதினவங்க இதுக்கு ஒரு பசுவை வச்சு உதாரணம் சொல்றாங்க. பசு இருக்குன்னு சொல்றது ஒரு வகை. பசு ஏதோ செஞ்சதுன்னு சொல்றது ஒரு வகை. பசு கறுப்புன்னு குணம் சொல்றது தனி வகை. இங்கிலீஷ்ல முதலாவதுக்கும் கடைசிக்கும் அதே 'இஸ்' போதும். அவருக்குப் போதல.

இதுல நம்ம ஊர்ப் பெருமை ஒண்ணு இருக்கு, சொல்லாம விட மனசு வரல. நம்ம எல்லாரும் ஸ்கூல்ல படிச்சது உண்மையில தொல்காப்பியத்தைவிட நன்னூல்தான். பவணந்தி முனிவர்ங்கற சமணத் துறவி, சீயகங்கன்ங்கற சிற்றரசன் கேட்டுக்கிட்டதுக்காக 13ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல எழுதினது. அவரோட ஊர் சனகாபுரம். கோயம்புத்தூர்ல இருந்து சேலம் போற ரோட்டுல, பெருந்துறைக்குப் பக்கத்துல இருக்குற சீனாபுரம்தான் அதுங்கறது கொங்கு நாட்டுல நிலைச்சு நிக்குற நம்பிக்கை. வேற ஊரைச் சொல்ற ஆய்வாளர்களும் இருக்காங்க. எப்படியோ, குறிப்பு வினை எதுல இருந்தெல்லாம் பிறக்கும்னு நன்னூல் ஆறா அடுக்கி வச்சுது: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். அந்த ஆறைத்தான் நம்ம பாட்டு மாதிரி ஒப்பிச்சோம்.

'கரியன், நல்லன்னு இப்போ யார் பேசுறா? செத்துப்போன இலக்கணம் தானே?' அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா தொண்டாமுத்தூர்ல தேங்காய் வாங்க வர்ற வியாபாரி பேசுறதைக் கேளுங்க. 'காய் பெருசுங்க.' 'மட்டை புதுசுங்க.' பெரிது, பெரிசு, பெருசு. புதிது, புதுசு. தொல்காப்பியர் சொன்ன அதே வகைதான், சட்டை மட்டும் மாத்திக்கிட்டு நிக்குது. இல்லை, உண்டு, வேறு, இதெல்லாமும் அந்தக் குடும்பம்தான். யாராவது ஓவர் அடக்கமா 'அடியேன்'னு சொன்னா, அந்தக் கடைசி 'ஏன்'கூட 'நல்லேன்'ல வர்ற அதே தன்மை விகுதிதான்.

கரியன், நல்லை மாதிரி வடிவங்கள் பேச்சுல இருந்து விலகின இடத்தைப் பெரும்பாலும் பிடிச்சது 'இரு'. இந்த 'இரு'வோட பழைய அர்த்தம் உக்காருறது, தங்குறது. அதனாலதான் பஸ்ல இருக்கை. ஸ்பானிஷ்காரன் நின்னுக்கிட்டு இருந்த வினையை எடுத்தான், தமிழன் உக்காந்துக்கிட்டு இருந்த வினையை எடுத்தான். ரெண்டு பேருக்கும் தேவை ஒண்ணுதான்: ஒரு பொருள் ஒரு நிலையில இருக்கறதைச் சொல்லணும். 'தண்ணி உப்பா இருக்குது'ன்னா, சொல்லுக்குச் சொல் பார்த்தா, தண்ணி உப்பாகி அங்க உக்காந்திருக்கு. உக்காந்தது எந்திரிக்கலாம்.

இங்க ஒரு எச்சரிக்கை. 'ஆ இருக்கு' வந்தாலே தற்காலிகம்னு ரூல் போட்டுடாதீங்க. 'வெள்ளியங்கிரி எவ்வளவு உயரமா இருக்கு'ன்னு சொல்றோம், மலை நாளைக்குக் குள்ளமாகப் போறதில்ல. அங்க 'இருக்கு' சொல்றது, நான் பார்க்கறப்ப அது இப்படித் தெரியுதுங்கற விஷயத்தை. வினையில்லாத வாக்கியம் வகைப்படுத்துது, 'இருக்கு' வாக்கியம் பார்த்ததைச் சொல்லுது. நான் படிச்சுக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் கோடு அங்கதான் விழுது.

இப்போ ஐரோப்பாக்காரங்க வர்றாங்க. 16ஆம் நூற்றாண்டுல முத்துக்குளித்துறையில வேலை செஞ்ச ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்ங்கற போர்த்துகீசியப் பாதிரியார், தமிழுக்குப் போர்த்துகீசு மொழியில இலக்கணம் எழுதினாரு. கையில இருந்தது லத்தீன் அச்சு. தமிழ் வினைகளை அந்த அச்சுக்குள்ள நிறைச்சுப் பார்த்தாரு. அவரு மொழியிலேயே ரெண்டு 'இஸ்' இருந்ததால, 'டாக்டர்', 'டாக்டரா இருக்கான்' வித்தியாசம் அவரு காதுக்கு ஜெர்மன்காரங்களைவிடச் சீக்கிரம் பிடிபட்டிருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு. நிரூபிக்க முடியாது, சும்மா என் யூகம். ஜெர்மன்காரர்னா சீகன்பால்கு. தரங்கம்பாடியில உக்காந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினாரு. அது 1715ல அச்சுல முடிஞ்சுது. அடுத்த வருஷமே, 1716ல, ஹாலே நகரத்துல அவரோட தமிழ் இலக்கணம் லத்தீன்ல வெளியாச்சு.

பைபிளை மொழிபெயர்க்கறவங்களுக்கு 'இஸ்' ஒரு தலைவலி. கடவுள் மோசேகிட்ட தன் பேரைச் சொல்ற இடம் ஒண்ணு யாத்திராகமத்துல வருது. இங்கிலீஷ்ல அந்தப் பேரே 'ஆம்'தான், 'ஐ ஆம்'. வினையே பேரா நிக்குது. தமிழ்ல வினையில்லாம விட்டா வாக்கியமே இருக்காது. அதனால அங்க 'இரு'வைப் பிடிச்சாங்க. அந்த இடத்துல அது பொருத்தமாவும் விழுந்துச்சு. ஆனா வினையே தேவைப்படாத இடங்கள்லயும் ஆயிருக்கிறது, ஆயிருக்கிறார், ஆயிருந்ததுன்னு முடியுற வழக்கம் பைபிள் தமிழ்ல பரவலா வந்துச்சு. சர்ச் பக்கம் போனவங்களுக்கு அந்த ஓசை உடனே ஞாபகம் வரும். அதைக் குறையாச் சொல்லல. அந்த நடைக்கு ஒரு கம்பீரம் இருக்கு. ஆனா மூலத்துல ஒரு வினை இருக்கறதால இங்கயும் ஒரு வினை வேணும்ங்கற பதட்டம் அதுல தெரியுது.

1856ல கால்டுவெல் வர்றாரு, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தோட. இடையன்குடியில வாழ்ந்த மனுஷன். ஐரோப்பிய மொழி மாதிரி பெயரோட பால், எண், வேற்றுமைக்கு ஏத்தபடி மாறுற பெயரடை இங்க இல்ல, குணப்பெயரை அப்படியே இன்னொரு பெயருக்கு முன்னாடி வைக்கிறாங்கன்னு கவனிச்சாரு. குறிப்பு வினையை, வினை போல விகுதி ஏற்கும் பெயர்னு விளக்கினாரு. கவனிப்பு கூர்மையானது. ஆனா அவரோட காலத்து ஒப்பீட்டு இலக்கணங்கள்ல ஒரு வாடை அடிக்கும்: லத்தீன்ல இருக்கு, இங்க இல்ல. 'இல்ல'ங்கற பக்கத்துல இருந்தே கணக்கு ஆரம்பிக்கும். இங்க இருக்கறதை வச்சு இங்கிலீஷுக்கு என்ன இல்லைன்னு பார்த்திருந்தா, கணக்கு வேற மாதிரி வந்திருக்கும்.

இதோட பின்விளைவு நம்ம பாடப்புத்தகம் வரைக்கும் வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். 'மதுரை ஒரு நகரம் ஆகும்.' 'இரும்பு ஓர் உலோகம் ஆகும்.' ஆகும்ங்கறது பழைய சொல்தான், தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வால் மாதிரி அதை ஒட்டுறது எதுக்கு? வீட்டுல நம்ம ஆகும்னு எப்போ சொல்றோம்? 'ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும்?', 'வர எவ்வளவு நேரம் ஆகும்?' 'மதுரை நகரம் ஆகும்'னு படிச்சப்ப, எப்போ ஆகும்னு கேக்கத் தோணுச்சு எனக்கு. வாளையார் தாண்டி பாலக்காடு போனா, மலையாளத்துல 'ஆணு'ன்னு ஒண்ணு உண்மையிலேயே 'இஸ்' வேலை பார்க்குது. அதுவும் இதே 'ஆகு'வோட பிள்ளைதான். அங்க அது பேச்சுக்குள்ள தானா வளர்ந்துச்சு. இங்க பேச்சு அதைக் கேக்கல. எழுத்துதான் கேட்டுச்சு.

இங்கிலீஷ்காரங்களுக்கே அவங்க 'இஸ்' மேல சந்தேகம் வந்த கதையும் உண்டு. ஆல்ஃபிரெட் கோர்சிப்ஸ்கி, இவரும் எஞ்சினியர் படிப்பு படிச்சவர்தான், 1933ல ஒரு தடி புத்தகம் எழுதினாரு. ஒரு ஆளை 'இஸ்' போட்டு ஒரு குணத்தோட சமன் பண்றது மனுஷனோட யோசனையைக் கெடுக்குதுங்கறது அவரோட வாதங்கள்ல ஒண்ணு. அவரு வழியில வந்த டேவிட் போர்லண்ட் 1965ல 'பீ' வினையே இல்லாம இங்கிலீஷ் எழுதுறதுக்கு 'இ-பிரைம்'னு பேர் வச்சாரு. அதுல 'அவன் முட்டாள்'னு எழுத முடியாது. 'அவன் செஞ்சது எனக்கு முட்டாள்தனமாத் தெரியுது'ன்னுதான் எழுதணும்.

முதல் தடவை இதைப் படிச்சப்ப, அடடா, நம்ம பாட்டிங்க பிறந்ததுல இருந்தே இ-பிரைம்ல பேசுறாங்கன்னு குதிச்சேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. 'அவன் முட்டாள்.' தமிழ்ல இந்த வாக்கியத்துல வினையே இல்ல, ஆனா முத்திரை இங்கிலீஷைவிட அழுத்தமா விழுது. வினையை எடுத்துட்டா மனுஷன் திருந்திடுவான்னா, தமிழ்நாட்டுல யாரும் யாரையும் எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்க. நம்மகிட்ட நிலைமை தலைகீழ். வினை இல்லாதப்ப முத்திரை, 'இருக்கு' வந்தா முத்திரை தளருது.

இதே மாதிரி ஆர்வத்துல ரொம்ப தூரம் போனவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். எம்.ஐ.டி.ல கெமிக்கல் எஞ்சினியரிங் முடிச்சுட்டு, ஒரு தீ இன்சூரன்ஸ் கம்பெனியில தீப்பிடிச்ச கேஸ்களை ஆராய்ஞ்சவர். அவரு சொன்ன பிரபலமான உதாரணம் பெட்ரோல் டிரம். நிறைஞ்ச டிரம் பக்கத்துல எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க. 'காலி' டிரம் பக்கத்துல பீடி பத்த வைப்பாங்க. ஆனா காலி டிரம்ல ஆவி நிறைஞ்சிருக்கும், அதுதான் இன்னும் ஆபத்து. குணத்தைச் சொல்ற ஒரு சொல் ஆளைக் கொன்னுடும். இது வரைக்கும் சரி. அப்புறம் அவரு ஹோப்பி மக்களோட மொழியில காலத்தைப் பத்தின சொல்லோ இலக்கணமோ கிடையாதுன்னு எழுதினாரு. 1983ல எக்கெஹார்ட் மலோட்கி அந்த மொழியில இருந்தே நூத்துக்கணக்கான உதாரணங்களை எடுத்து அதை உடைச்சாரு. அதனால 'தமிழன் யோசிக்கிற விதமே வேற'ன்னு யாராவது ஃபார்வர்ட் அனுப்பினா, வோர்ஃப் கதையைத் திருப்பி அனுப்புங்க. ஒரு மொழி இதை யோசிக்க முடியாதுன்னு தடுக்கறதில்ல. எதை யோசிக்காமயே சொல்லிட்டுப் போகலாம்ங்கறதை மட்டும் அது கொஞ்சம் மாத்துது.

அந்த யோசிக்காம சொல்ற இடத்துலதான் நான் மாட்டினேன்.

நாலாவது படிக்கும்போது என்னைத் தமிழ் மீடியத்துல இருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்தினாங்க. முதல் ரிப்போர்ட் கார்டுல டீச்சர் எழுதியிருந்த வரி இன்னும் ஞாபகம் இருக்கு: 'ஹி இஸ் ஸ்லோ'. மூணே சொல். தொண்டாமுத்தூர் போனப்ப அப்புச்சி கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'என்ன சாமி எழுதியிருக்குது?'ன்னு அம்மாகிட்ட கேட்டாரு. அம்மா சொன்னாங்க: 'கொஞ்சம் மெதுவா இருக்கறானாமா.' அப்புச்சி அதுக்கு, 'புதுப் பள்ளிக்கூடம், மெதுவாத்தான் இருப்பான், இருக்கட்டும்'னுட்டு கார்டை என்கிட்ட நீட்டினாரு. அம்மா எதையும் மறைக்கல, பொய்யும் சொல்லல. சரியாத்தான் மொழிபெயர்த்தாங்க. 'அவன் மந்தம்'னு சொல்லியிருந்தாலும் அது சரியான மொழிபெயர்ப்புதான். ரெண்டுல எதை எடுக்கறதுன்னு இங்கிலீஷ் சொல்லல, தமிழ் கேட்டுச்சு. அம்மா ஒண்ணை எடுத்தாங்க. நான் அந்த வீட்டுல மெதுவா இருந்த பையனா வளர்ந்தேன். மந்தமான பையனா இல்ல.

இந்த மார்ச்ல ஆபீஸ் அப்ரைசல். என் டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி. முதல் வேலை, முதல் தடவை ஊரை விட்டு வந்தவன். ஃபார்ம்ல நான் எழுதினது: 'ஹி இஸ் ஸ்லோ'. சத்தியமா அந்த நேரத்துல ரிப்போர்ட் கார்டு ஞாபகம் வரல. ஃபார்ம்ல கட்டம் சின்னது, மணி ராத்திரி பத்து, இன்னும் நாலு பேருக்கு எழுதணும். அடுத்த நாள் மீட்டிங்ல அதை அவனுக்குத் தமிழ்ல விளக்க வாயைத் திறந்தேன். 'நீ வந்து...'ன்னு ஆரம்பிச்சு நின்னுட்டேன். 'நீ ஸ்லோ'ன்னு சொல்றதா? 'ஸ்லோவா இருக்கே'ன்னு சொல்றதா? தமிழ் என்னை விடல, ஏதாவது ஒண்ணை எடுன்னுது. முதலாவது உண்மையான்னு எனக்கே தெரியாது, ஆறு மாசம்தான் ஆச்சு. ரெண்டாவதைச் சொன்னேன். அவன் உடனே கேட்டான்: 'எதுலண்ணா ஸ்லோவா இருக்கேன்?' பில்டு வர லேட் ஆகுறது, டெஸ்ட் டேட்டா யாரும் குடுக்காதது, டவுட் கேக்கத் தயங்குறது எல்லாம் அப்புறம்தான் வெளிய வந்துச்சு. 'நீ ஸ்லோ'ன்னு சொல்லியிருந்தா அந்தக் கேள்விக்கே இடமில்ல.

ஃபார்மைத் திருத்த டிக்கெட் போட்டேன். சப்மிட் பண்ணினதை எடிட் பண்ண முடியாதுன்னு பதில் வந்துச்சு. கமெண்ட் பாக்ஸ்ல ஆறு வரி சேர்த்தேன், எதுல, எப்போ, ஏன்னு. ஆனா மேல அந்த மூணு சொல் அப்படியேதான் இருக்கு.

போர் கதைக்கு வர்றேன். மோட்டார் இறக்கி ஓட்டினாங்க. முதல் வருஷம் தென்னைக்கு மட்டும் பாய்ச்சினாங்க, வீட்டுக்கு எடுக்கல. ரெண்டு மழைக்காலம் போச்சு. நொய்யல்ல தண்ணி வந்துச்சு, குட்டை ரொம்புச்சு, போர்த் தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. இப்போ அமுச்சி அதுலதான் சோறாக்குறாங்க. குடிக்க மட்டும் சிறுவாணித் தண்ணி, அது கோயம்புத்தூர்க்காரங்க விட்டுக்குடுக்காத ஒரு விஷயம்.

ஆனா தோப்புல ரெண்டு போர் இருக்கறதால அடையாளத்துக்கு ஒரு பேர் வேணும் இல்லையா? போன வாரம் போயிருந்தப்ப அப்புச்சி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு: "கண்ணு, போய் அந்த உப்புத் தண்ணி போரை ஆன் பண்ணிட்டு வா."